'மைட்' என்று எழுதினால் அது கட்டளையா, யோசனையா?

கேள்வி: 2024 ஜூன் 3

ராணிப்பேட்டையில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து எங்களிடம் வாங்குபவர், 'யூ மைட் வான்ட் டு ஹேவ் அனதர் லுக் அட் தி லைனிங்' என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். மைட் என்றால் 'செய்தாலும் செய்யலாம்' என்றுதானே பள்ளியில் படித்தோம்? நேரம் இல்லை. லைனிங்கை, அதாவது ஷூவின் உட்புற அடுக்கை, திரும்பப் பார்க்காமல் சரக்கை அனுப்பிவிட்டோம். இப்போது முழு லாட்டையும் ஏற்க மறுக்கிறார். நான் முன்பே சொன்னேனே என்கிறார். எங்கே சொன்னார்? ஆங்கிலத்தில் எந்தச் சொல் வந்தால் கட்டளை, எது வந்தால் விதி, எது வந்தால் வெறும் யோசனை என்று ஒரு பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?

ஜூன் 3, இரவு

பட்டியல் இருக்கிறது தம்பி. எந்தப் பள்ளி இலக்கண நூலைத் திறந்தாலும் கிடைக்கும். மஸ்ட் உச்சியில், ஷுட் நடுவில், மைட் அடியில். அதை நம்பித்தான் உங்கள் லாட் அங்கே கிடங்கில் கிடக்கிறது.

பணம் கொடுக்கிற கை 'யூ மைட் வான்ட் டு' என்று எழுதினால் அது கட்டளை. லைனிங்கைப் பார், என்ன பார்த்தாய் என்று எழுது, நான் சரி என்று சொல்லும்வரை பெட்டியை மூடாதே. இத்தனையும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அவர் சொல்லவில்லை என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் வாதாடி வெல்கிற இடம் இது இல்லை.

நானும் ராணிப்பேட்டையில்தான், ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஓய்வு பெற்றபின் காட்பாடியில் வீட்டிலேயே, தொழிற்சாலை அலுவலகங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கடித ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். தட்டச்சுச் செய்தியைக் கம்பிவழி அனுப்பும் டெலக்ஸ் இருந்த நாட்களில் இந்தத் தொல்லை குறைவு. அனுப்பும் நேரத்துக்குக் காசு என்பதால் வெள்ளைக்காரரும் சுருக்கமாகத்தான் பேசுவார். 'பிளீஸ்' என்பதைக்கூட மூன்று எழுத்தாக்கி, அனுப்பு, நிறுத்து, உறுதி செய் என்று முடித்துவிடுவார். மின்னஞ்சலில் சொல்லுக்குக் காசில்லை. கட்டளைகள் உடம்பு வைத்துவிட்டன.

ஜூன் 4

ஒருவர் கேட்டிருக்கிறார்: மைட் கட்டளை என்றால் மஸ்ட் எதற்காக இருக்கிறது?

சாப்பாட்டுக்கு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்துக்காரர் வீட்டுக்குப் போனால் 'யூ மஸ்ட் ட்ரை திஸ் கேக்' என்பார். 'யூ மஸ்ட் கம் அண்ட் ஸ்டே வித் அஸ்' என்பார். அவ்வளவு கடுமையான சொல்லை அவ்வளவு அன்பாகச் சொல்வார். அதே மனிதர் அலுவலகத்தில் தனக்குக் கீழே இருப்பவரிடம் 'யூ மஸ்ட் ஃபினிஷ் திஸ்' என்று சொல்லத் தயங்குவார். 'டு யூ திங்க் யூ குட் பாஸிப்ளி' என்று எங்கோ தொடங்கி ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார்.

காரணம் எளிது. சொல்லைக் காதில் வாங்குகிறவருக்கு லாபம் என்றால் சொல் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு மரியாதை. அவருக்குச் செலவு என்றால் சொல் எவ்வளவு தளர்வோ அவ்வளவு மரியாதை. ஜெஃப்ரி லீச் என்ற மொழியியலாளர் 1980களிலேயே இதை லாபம், செலவு என்ற கணக்காகவே எழுதிவைத்தார். நம் ஊரிலும் அப்படித்தானே? ஆம்பூரில் பிரியாணிக் கடைக்கு அழைத்துப்போய், 'சாப்பிட்டுத்தான் போக வேண்டும், விடமாட்டேன்' என்று விருந்தாளியை மிரட்டுகிறோம். அதே ஆளிடம் கடன் கேட்கப் போகும்போது 'உங்களால் முடிந்தால், சிரமம் இல்லை என்றால்' என்று இழுக்கிறோம்.

ஆக, சொல்லைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது: இதைச் செய்தால் யாருக்குச் செலவு? செய்யாவிட்டால் யார் யாரைத் தண்டிக்க முடியும்? தம்பியின் கடிதத்தில் இரண்டுக்கும் பதில் தெளிவாகவே இருந்தது.

ஜூன் 6

இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் வேலூர்ப் பெண் ஒருவர் எழுதியிருப்பதை இங்கே எடுத்துப் போடுகிறேன், ஏனென்றால் நான் சொன்னதைவிட இது நன்றாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டு பொறுப்பாளர் வந்து, 'வுட் யூ லைக் டு டூ தி அப்சர்வேஷன்ஸ் இன் பே த்ரீ?' என்று கேட்டாராம். விருப்பமா என்றுதானே கேட்கிறார் என்று நினைத்து, இவர் சிரித்துக்கொண்டே 'நோ, தேங்க் யூ' என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தாராம். பொறுப்பாளர் ஒன்றும் பேசவில்லையாம். இடைவேளையில் ஒரு மலையாளச் சகோதரி தனியாக அழைத்துப்போய்ப் புரியவைத்தாராம்.

வேலூர் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெற்ற பெண் இவர். இங்கே மூத்த சிஸ்டர் 'ரத்த அழுத்தம் பாரும்மா' என்றால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு 'ம்மா' இருக்கிறது, கவனித்தீர்களா? கட்டளையை நாம் வினைச்சொல்லில் தளர்த்துவதில்லை, முறைசொல்லி அழைத்துத் தளர்த்துகிறோம். அவர்கள் முறைசொல்லி அழைக்கும் வழக்கம் இல்லாதவர்கள். பாவம், எல்லாச் சுமையையும் வினைச்சொல்லின் தலையிலேயே ஏற்றுகிறார்கள்.

ஜூன் 6, இரவு

'அப்படியானால் வெள்ளைக்காரர் எது கேட்டாலும் கட்டளை என்று எடுத்துக்கொள்ளலாமா' என்று கேட்கிறீர்கள். கூடாது. 'வுட் யூ லைக் சம் டீ' என்றால் தேநீர்தான்.

ஜூன் 9

மறுத்துச் சொல்லும் வாக்கியங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் வகுப்பில் நான் அதிகம் தொண்டை கிழியக் கத்துவது அதற்குத்தான்.

'ஹேவ் டு'வும் மஸ்ட்டும் நேராக நிற்கும்போது அண்ணன் தம்பி. மறுப்பு ஏறியதும் ஆளுக்கொரு திசை. 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. 'டோன்ட் ஹேவ் டு' என்றால் தேவையில்லை, விருப்பம் இருந்தால் செய்யலாம். 'நீட் நாட்' இந்த இரண்டாவது பக்கத்தில்தான் நிற்கிறது.

நமக்கு இது ஏன் தடுக்குகிறது என்றால், நம்முடைய 'வேண்டாம்' இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. 'நீ நாளைக்கு வர வேண்டாம்' என்று முதலாளி சொன்னால் விடுப்பு கொடுத்தாரா, வேலையை விட்டு நிறுத்தினாரா? குரலைக் கேட்டால் தெரியும். எழுத்தில் தெரியாது. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர், வரக் கூடாது என்று சொல்ல நினைத்து 'யூ நீட் நாட் கம்' என்று எழுதுகிறார். அந்த ஆள் வந்து நிற்பார்.

ஜெர்மன்காரர்களுக்கு இதே நோய், மறுபக்கமாக. அவர்கள் மொழியில் மஸ்ட்டுக்கு உறவான சொல்லோடு மறுப்பைச் சேர்த்தால் 'தேவையில்லை' என்று பொருள். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்து 'மஸ்ட் நாட்' என்று எழுதிவிடுவார்கள். ஒரு முறை எங்கள் அலுவலகத்துக்கு 'யூ மஸ்ட் நாட் சென்ட் தி செகண்ட் சாம்பிள்' என்று வந்தது. அவர் சொன்னது, இரண்டாவது சாம்பிளுக்கு நீங்கள் சிரமப்படத் தேவையில்லை என்பது. எங்கள் மேலாளர் படித்தது, அனுப்பினால் தொலைந்தாய் என்பது. அன்று முழுவதும், நாம் என்ன தவறு செய்தோம், ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரே ஆராய்ச்சி. சாம்பிள் போகவில்லை. அவருக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் நிம்மதி. வணிகம் அதுபாட்டுக்கு நடந்தது.

ஜூன் 10

மேலே சொன்னதோடு ஒட்டி இன்னொன்று. 'சரக்கு நேற்றே போயிருக்க வேண்டும்.' இது ஊகமா, குறையா? போயிருக்கும் என்று நினைக்கிறேன் என்றும் படிக்கலாம், போகாமல் கிடக்கிறதே என்றும் படிக்கலாம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'மஸ்ட் ஹேவ்', இரண்டாவதற்கு 'ஷுட் ஹேவ்'. கப்பல் முகவருக்கு எழுதும்போது எது என்று யோசித்து எழுதுங்கள். 'தி கன்சைன்மென்ட் ஷுட் ஹேவ் லெஃப்ட் சென்னை' என்று நீங்கள் ஆறுதலாக எழுதியதை, அங்கே ஒருவர் தாமதத்தை ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் வைத்திருப்பார்.

ஜூன் 15

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர் கோபமாக வந்திருக்கிறார். 'மரியாதை, லாபம், செலவு எல்லாம் பேச்சு வழக்கில். சட்டத்தில் ஷல் என்றால் ஷல்தான். அங்கே உங்கள் குழப்பத்துக்கு இடம் இல்லை' என்கிறார்.

வணக்கம் ஐயா. அங்கேதான் குழப்பம் அதிகம்.

அரசமைப்புச் சட்டத்தின் 320ஆவது பிரிவில், அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதற்கு ஷல் போட்டிருக்கிறார்கள். கலந்தாலோசிக்காமல் நடவடிக்கை எடுத்தால் அது செல்லாதா? 1957இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்த ஷல் கட்டாயம் அல்ல, வழிகாட்டுவது மட்டுமே என்றது. இதற்கு நேர் எதிராக, 'மே' என்று எழுதியிருப்பதையே கட்டாயம் என்று நீதிமன்றங்கள் படித்த வழக்குகளும் உண்டு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் எளிய நடையில் திருத்தி எழுதினார்கள். ஷல் பல பொருள் தருகிறது என்று அதை விரட்டிவிட்டு, இடத்துக்கு ஏற்ப மஸ்ட், மே, ஷுட் என்று போட்டார்கள். 56ஆவது விதியில் ஷுட் வந்து உட்கார்ந்தது. அப்படியானால் இது கட்டாயமா இல்லையா என்று சண்டை. 2010இல் அந்த ஒரு விதியில் மட்டும் ஷல்லைத் திரும்ப அழைத்துவந்தார்கள்.

ஷல்லுக்கு இந்தப் பெருமையெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், 1653இல் ஜான் வாலிஸ் ஆங்கிலத்துக்கு லத்தீனில் எழுதிய இலக்கணத்தையும் சொல்ல வேண்டும். தன்மையில் ஷல் வெறும் எதிர்காலம், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் அது வாக்குறுதி அல்லது மிரட்டல் என்று அவர் விதி வகுத்தார். பேச்சில் மக்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்களா என்பது வேறு கதை. வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் வருவதும் அந்த மிரட்டல் ஷல்தான். தமிழில் அதைக் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்று பெயர்த்தவர்களுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். வேலூரில் பாதிப் பள்ளிகளின் காலை வழிபாட்டில் காதில் விழுந்த சொல். 'செய்யாதே' என்று எழுதியிருந்தால் அது அம்மா சொல்வது. 'ஆக' சேர்ந்ததும் மலை உச்சியிலிருந்து வருகிறது.

ஜூன் 15, பிற்பகல்

வழக்கறிஞர் ஐயாவுக்கு இன்னும் ஒன்று. தலைப்பில் 'யோசனை' இருப்பதால் கேட்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் அமைச்சரவை குடியரசுத் தலைவருக்குத் தருவதன் பெயர் என்ன? அட்வைஸ். அதன்படி அவர் நடக்க வேண்டும் என்று 1976இல் 42ஆவது திருத்தம் ஷல் போட்டுக் கட்டியது. 1978இல் 44ஆவது திருத்தம் ஒரு முறை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்று கொஞ்சம் கயிறு விட்டது. திரும்பி வந்தால் அதன்படி நடந்தே ஆக வேண்டும். நாட்டின் முதல் குடிமகனுக்கே அட்வைஸ் என்றால் கட்டளை. ராணிப்பேட்டை மெர்ச்சண்டைசர் எம்மாத்திரம்?

ஜூன் 16

சட்டத்தைப் பேசியதால், நம் தொழிலில் சொற்கள் உண்மையிலேயே படிநிலையோடு நிற்கும் ஒரே இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தரநிர்ணய ஆவணங்கள். அங்கே பள்ளிப் பட்டியல் செல்லும், ஏனென்றால் சொல்லுக்குப் பொருள் இதுதான் என்று முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆரம்பிக்கிறார்கள்.

ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு ஆவணம் எழுதும் முறைப்படி ஷல் என்றால் நிபந்தனை, ஷுட் என்றால் பரிந்துரை, மே என்றால் அனுமதி, கேன் என்றால் இயலும் என்ற செய்தி. ஷல்லுக்குப் பதில் மஸ்ட் போடாதே என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். தடை விதிக்க 'மே நாட்' போடாதே என்று இன்னொரு எச்சரிக்கை. இது பொன்னான விதி. 'தி லெதர் மே நாட் கன்டெய்ன்' என்று ஒருவர் எழுதினால், இருக்கக் கூடாது என்றும் படிக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றும் படிக்கலாம். ஆய்வகத்துக்கு எது என்று தெரிய வேண்டாமா?

பாலாற்றங்கரையில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு ஷல் நாட் இருக்கிறது. உடம்பில் படும் தோல் பொருட்களில் 'குரோமியம் ஆறு' (குரோமியம் VI) என்ற கெடுதலான ரசாயன வடிவம் பற்றி 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்பில் இருக்கும் விதி. காய்ந்த எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். இதை 'மூன்று வரை பரவாயில்லை' என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சொல்வார்கள். விதியைப் படியுங்கள்: மூன்றுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் சந்தைக்கு வரக் கூடாது. மூன்றே என்றாலும் தோல்விதான். இங்கே ஷல் நாட் பக்கத்தில் நிற்கும் அந்தச் 'சமமாகவோ' என்ற சொல்லில்தான் கன்டெய்னர் தொங்குகிறது.

ஷுட்டுக்கு நான் பார்த்ததிலேயே நல்ல விளக்கம் தோல்காரர்கள் எழுதியதல்ல, இணையத்தைக் கட்டியவர்கள் எழுதியது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற சிறு ஆவணம். தக்க காரணம் இருந்தால் இதைச் செய்யாமல் விடலாம், ஆனால் விட்டால் என்ன ஆகும் என்பதை முழுதாகப் புரிந்து எடைபோட்டபின் விடு என்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் ஷுட் சொல்லித்தருவது இப்படித்தான். பிரிட்டனின் சாலை விதி நூலிலும் இதே ஒழுங்கு உண்டு. மஸ்ட் என்று வந்தால் அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. ஷுட் என்று வந்தால் மீறியதற்காக மட்டும் வழக்கு இல்லை, ஆனால் விபத்து நடந்தால் அதையே எடுத்துக்காட்டி உங்களைக் குற்றம் சொல்லலாம். 'சும்மா சொன்னார்கள்' என்பது ஷுட்டுக்குப் பொருள் இல்லை.

ஜூன் 17

'பாலாற்றங்கரை என்றீர்களே, அந்த வழக்கைச் சொல்லாமல் விட்டீர்களே' என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. தோல் கழிவுநீர் பற்றியது. ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டும் அரசமைப்புச் சட்டத்தின் 48ஏ பிரிவின் சொற்களைப் பாருங்கள். அரசு சுற்றுச்சூழலைக் காக்க 'ஷல் எண்டவர்'. முயல வேண்டும். கட்டாயம்தான், ஆனால் முயற்சி மட்டும்தான் கட்டாயம். எங்கள் அலுவலகத்தில் தாமதமான சரக்குக்கு நான் எழுதிய 'வி ஷல் எண்டவர்' எல்லாம் நினைவுக்கு வருகிறது. பெறுகிறவர்கள் யாரும் ஏமாறவில்லை.

ஜூன் 22

அறிவிப்புப் பலகைகள் பற்றி நான்கைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். வேலூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் தங்கும் லாட்ஜ்கள் காந்தி ரோட்டைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம் என்பதால் பலகைகளில் வங்காள எழுத்தும் உண்டு. அறைக் கதவுக்குப் பின்னால் விதிகள் ஒட்டிய ஓர் அட்டை. உறவினருக்கு அறை பார்க்கப் போன இடத்தில் நின்று படித்தேன். முதல் வரி 'கெஸ்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்டட்'. நடுவில் 'ஷுட் நாட்'. கடைசி வரி 'தி மேனேஜ்மென்ட் வில் நாட் பி ரெஸ்பான்சிபிள்'. நிர்வாகம் தவறாமல் கடைப்பிடிப்பது கடைசி வரியை.

நம் அரசுக் கடிதங்களில் ஓர் ஏணி இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கடிதத்தில் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். இரண்டாவதில் அறிவுறுத்தப்படுகிறீர்கள். மூன்றாவதில் பணிக்கப்படுகிறீர்கள். அதற்குப் பிறகு விளக்கம் கோரப்படுகிறது. ஆங்கிலத்திலும் அதே ஏணிதான்: ரிக்வெஸ்டட், அட்வைஸ்டு, டைரக்டட். வங்கி 'யூ ஆர் அட்வைஸ்டு டு ரெகுலரைஸ் தி அக்கவுன்ட்' என்று எழுதினால் யோசனை சொல்கிறது என்று யாராவது நினைப்பார்களா? பாக்கியைக் கட்டு என்று பொருள்.

இந்த ஏணியில் ஏறிப் பழகியவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு' என்று எழுதுகிறார்கள். நமக்கு அது பணிவு. அவருக்கு ரயில் நிலைய ஒலிபெருக்கி. காட்பாடி ஜங்ஷனில் நின்று மின்னஞ்சல் படிப்பது போல இருக்கும்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல வடிவம் உண்டு. 'வரிசையில் வரவும்.' 'செருப்பை வெளியே விடவும்.' யார் யாருக்குச் சொல்வது என்றே இல்லை. நீ, நீங்கள் என்ற சிக்கலும் இல்லை. கலெக்டரும் படிக்கலாம், காவலாளியும் படிக்கலாம், இருவருக்கும் வருத்தம் இல்லை. பழைய இலக்கணத்தில் வியங்கோள் இந்த வேலையைச் செய்தது. வாழ்த்து, வசை, விதி, வேண்டுகோள் நான்குக்கும் ஒரே வடிவம். வாழ்க என்பதும் ஒழிக என்பதும் ஒரே அச்சு. வேட்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை 10

இன்று இந்த ஊரில் இருந்துகொண்டு கட்டளைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. காலையில் மக்கான் பக்கம் நினைவுத் தூணுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1806 வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சிக்குக் காரணமான ராணுவ விதியை ஆங்கிலத்தில் படித்திருக்கிறீர்களா? தலைப்பாகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. அது தனி உத்தரவு. நான் சொல்வது முகத்தைப் பற்றிய விதி. படைத்தளபதி கிரடாக் காலத்தில் அச்சேறியது. மூன்று வாக்கியங்கள் போல வருகிறது. உள்ளூர்ச் சிப்பாய் சீருடையில் இருக்கும்போது சாதியைக் காட்டும் குறியை முகத்தில் இடுவதும் காதணி அணிவதும் 'ஷல் நாட்'. எல்லா அணிவகுப்பிலும் எல்லாப் பணியிலும் மோவாய் சுத்தமாக மழிக்கப்பட்டிருக்க வேண்டும், 'ஷல்'. மூன்றாவதாக, மேலுதட்டு மயிரின் அளவும் வடிவமும் ஒரே சீராக இருக்க வேண்டும், இதற்கும் 'ஷல்', ஆனால் கூடவே 'இயன்றவரை' என்று ஒரு தளர்வு.

மீசைக்கு 'இயன்றவரை' போடத் தெரிந்த கை அது. எல்லா மீசையும் ஒன்றுபோல வளராது என்று அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அவருக்கும் மேலுதடு இருக்கிறது. நெற்றியில் நாமமோ திருநீறோ இல்லாமல் ஒருவன் நிற்பதற்கு என்ன விலை, தாடியை மழித்த முஸ்லிம் வீட்டுக்குப் போனால் என்ன கேட்பார்கள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. செலவு முழுவதும் கேட்கிறவனுக்கு, சொல்கிறவனுக்கு ஒரு பைசா இல்லை. மே மாதமே இங்கே சிப்பாய்கள் மறுத்துப் பார்த்தார்கள், கசையடிதான் கிடைத்தது. ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். எத்தனை நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள் என்ற கணக்கை இந்த இடத்தில் எழுத மனம் வரவில்லை. பின்னால் கிரடாக்கையும் ஆளுநர் பென்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

ஜூலை 11

ஒரு நண்பர்: 'சொல்லை மென்மையாக்கியிருந்தால் கிளர்ச்சி நடந்திருக்காது என்கிறீர்களா?' இல்லை. 'யூ மைட் வான்ட் டு ஷேவ்' என்று எழுதியிருந்தாலும் நடந்திருக்கும். மே மாதம் கசையை எடுத்த அன்றைக்கே அந்த விதியின் பொருள் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது.

ஜூலை 14

வேலைக்குத் திரும்புவோம். 'ஹேட் பெட்டர்' பற்றிக் கேட்டவருக்கு: அதில் பெட்டர் இருப்பதால் அது நயமான யோசனை என்று நினைத்து மேலதிகாரிக்கு எழுதாதீர்கள். செய்யாவிட்டால் கெட்டது நடக்கும் என்ற நிழல் அதில் எப்போதும் உண்டு. நண்பரிடம் 'யூ ஹேட் பெட்டர் டேக் அன் அம்ப்ரெல்லா' என்றால் மழை நனைக்கும், அவ்வளவுதான். வாங்குபவரிடம் 'யூ ஹேட் பெட்டர் பே பை ஃப்ரைடே' என்றால் நீங்கள் ஆள் அனுப்பப் போகிறீர்கள் என்று பொருள். உண்மையிலேயே ஆள் அனுப்பப் போகிறீர்கள் என்றால் பயன்படுத்துங்கள்.

சரி, பணமோ எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) திருத்தமோ வேண்டும், எப்படிக் கேட்பது? மஸ்ட் வேண்டாம், 'கைண்ட்லி'யை மூன்று முறை போட்டாலும் உதவாது. நான் எழுதிப் பலன் கண்ட வடிவம் இதுதான்: 'வி வில் நீட் தி அமென்ட்மென்ட் பை மண்டே டு கேட்ச் தி வெசல் ஆன் தி ட்வெல்ஃப்த்'. தேவை எனக்கு, காரணம் கப்பலுக்கு. அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை தாண்டினால் என்ன ஆகும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் இதற்கு அன்றே பதில் போடுவார். ஜெர்மன்காரருக்கு இவ்வளவு பூச்சு தேவையில்லை, 'பிளீஸ் சென்ட்' போதும், அவர் அதை முரட்டுத்தனமாக நினைப்பதில்லை.

எதிர்த்திசையில் வருவதற்கும் காது பழக வேண்டும். 'இட் வுட் பி ஹெல்ப்ஃபுல் இஃப்' என்றால் அனுப்பு. 'ஐ வாஸ் எ லிட்டில் சர்ப்ரைஸ்டு' என்றால் கொதிக்கிறார். 'பெர்ஹாப்ஸ் வி ஷுட் திங்க் அபவுட்' என்றால் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, நீங்கள் நினைத்துப் பார்ப்பதற்கு ஒன்றும் மீதி இல்லை.

ஜூலை 28

குடியாத்தத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், இவ்வளவு எழுதியும் 'ஆட் டு'வைத் தொடவே இல்லையே என்று வருத்தப்படுகிறார். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருமாம். அம்மா, அத்தனை ஆண்டு கடிதக் கோப்புகளில் அந்தச் சொல் என் கண்ணில் பட்டது மிக அரிது. அது தேர்வுத்தாள் தயாரிப்பவர்களின் வளர்ப்புப் பிராணி. ஷுட் போல ஒரு பொருள், கொஞ்சம் அறநெறி வாடை, கேள்வியாக்கினால் வாயில் நுழையாது. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கு எழுதட்டும். ஏற்றுமதிக் கடிதத்தில் வேண்டாம். இந்த 'வேண்டாம்' தேவையில்லை என்ற வேண்டாம் அல்ல, கூடாது என்ற வேண்டாம்.